மழைக்குக் கணக்கு எழுதும் ஊர்

மாதத்தின் முதல் நாளில் பல வீடுகளில் வரவு செலவுக் கணக்கு எழுதப்படும். வரவிருக்கும் ஊதியம் எவ்வளவு, அதில் வாடகைக்கு எவ்வளவு, பள்ளிக் கட்டணத்திற்கு எவ்வளவு, ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்புவது எவ்வளவு என்று பிரித்த பிறகே மற்றச் செலவுகள் தொடங்கும். மராட்டிய மாநிலத்தில் ஒரு சிற்றூர் இதே கணக்கை ஆண்டுதோறும் எழுதுகிறது. ஆனால் அது பணத்திற்கு எழுதும் கணக்கன்று. தண்ணீருக்கு எழுதும் கணக்கு. அவ்வூரின் பெயர் ஹிவரே பஜார்.

அகமத்நகர் என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள மாவட்டத்தில் இவ்வூர் உள்ளது. மக்கள் தொகை ஏறத்தாழ 1,250. நிலப்பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் சிறு குன்றுகள். அரபிக்கடலிலிருந்து வரும் மழைமேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைப் பொழிந்துவிடுவதால், மலைக்குக் கிழக்கே உள்ள இம்மாவட்டத்திற்கு எஞ்சிய மழையே கிடைக்கிறது. இத்தகைய நிலப்பகுதியை மழைமறைவுப் பகுதி என்பர். ஹிவரே பஜாரில் ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். சில ஆண்டுகளில் அதுவும் கிடைப்பதில்லை.

வறண்ட ஊர்

ஒரு காலத்தில் இவ்வூர் மற்போர் வீரர்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1972 ஆம் ஆண்டின் கொடும் பஞ்சம் மராட்டிய மாநிலம் முழுவதையும் வாட்டியபோது ஹிவரே பஜாரும் நிலைகுலைந்தது. கிணறுகள் வற்றின. விறகுக்காகக் குன்றுகளிலிருந்த மரங்கள் வெட்டப்பட்டன. மரம் போன குன்றில் ஆடு மாடுகள் எஞ்சிய புல்லையும் வேரோடு மேய்ந்தன. பிடிப்பற்ற மண்ணை அடுத்த மழை அடித்துச் சென்றது. மண் போன சரிவில் பெய்த மழை நில்லாமல் ஓடியது. ஓடியதால் கிணறுகள் நிறையவில்லை. ஒரு கேடு அடுத்த கேட்டை ஈன்றது.

வயலில் வேலையில்லாத ஊரில் கள்ளச் சாராயம் காய்ச்சுவது தொழிலாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட சாராய அடுப்புகள் இச்சிற்றூரில் எரிந்ததாகக் கூறுவர். உழைக்கும் வலிமை உடையோர் புனே, மும்பை முதலிய நகரங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்றனர். குடும்பங்கள் பல வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. அரசு ஊழியருக்குத் தண்டனை இடமாற்றம் அளிக்க வேண்டுமென்றால் இவ்வூருக்கு அனுப்புவார்கள் என்னும் பேச்சும் எழுந்தது.

ஊரைவிட்டுச் செல்வது இருவகைப்படும். கல்வியோ தொழிலோ விரும்பிச் செல்வது ஒன்று. இருந்தால் உண்ண வழியில்லை என்று செல்வது மற்றொன்று. நகரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே பேருந்தில் வந்து, ஒரே தெருவில் குடியிருப்பர். ஆயினும் முன்னவர் விரும்பினால் ஊர் திரும்பலாம். பின்னவர்க்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஹிவரே பஜாரிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் பின்னவர்.

தலைவர் ஒருவர், முடிவு ஊருடையது

1989 ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல் வந்தது. ஊரில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த இளைஞர் போபட்ராவ் பவார் ஒருவரே. கிரிக்கெட் ஆட்டத்தில் நாட்டமுடைய அவர் நகரத்திற்குச் சென்று நல்ல வேலையில் அமர்ந்திருக்கலாம். குடும்பத்தாரும் அதையே எதிர்பார்த்தனர். ஊர் இளைஞர்கள் அவரை வற்புறுத்திச் சர்பஞ்ச் பதவிக்கு நிறுத்தினர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் ஊராட்சிமன்றத் தலைவர் பதவியே அங்கே 'சர்பஞ்ச்' எனப்படுகிறது.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பலர் எல்லாப் புகழையும் இவ்வொருவர்க்கே சூட்டிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. ஊராட்சித் தலைவர் ஒருவர் அரசுப் பணத்தைக் கொண்டு ஓர் அணை கட்டிவிடலாம். ஆனால், 'உன் ஆட்டைக் குன்றில் விடாதே' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதை ஊரே கூடித்தான் சொல்ல வேண்டும். ஹிவரே பஜாரில் கிராம சபை என்பது கையெழுத்திட்டுக் கலையும் கூட்டமாக இல்லை. கசப்பான முடிவுகளை எடுக்கும் இடமாக இருந்தது. பவாரின் தனித்திறம் அச்சபையைத் தொடர்ந்து கூட்டியதிலும், கூடியவர்களைப் பேச வைத்ததிலும் இருந்தது எனலாம்.

இதே மாவட்டத்தைச் சேர்ந்த ராளேகண் சித்தி என்னும் ஊர் அண்ணா ஹசாரே வழிகாட்டுதலில் முன்னரே மழைநீரைத் தேக்கி முன்னேறியிருந்தது. அவ்வூர் முன்மாதிரியாக அமைந்தது. 1990களில் மராட்டிய அரசு 'ஆதர்ஷ் காவ்' என்னும் முன்மாதிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது ஹிவரே பஜாரும் அதில் சேர்ந்தது. திட்டத்தில் சேரும் ஊர் ஐந்து நெறிகளை ஏற்க வேண்டும்: ஸ்ரமதான், நஷாபந்தி, குர்ஹாட்பந்தி, சராயிபந்தி, நஸ்பந்தி. தமிழில் 'பந்தி' என்றால் விருந்தில் இலை போட்டு அமரும் வரிசை நினைவுக்கு வரும். மராத்தியிலும் இந்தியிலும் அச்சொல்லுக்குத் தடை என்பது பொருள். ஊதியம் பெறாமல் பொதுப்பணிக்கு உடலுழைப்புத் தருதல், மதுவைத் தடுத்தல், மரம் வெட்டும் கோடரியைத் தடுத்தல், கால்நடைகளைக் கட்டின்றி மேய விடுவதைத் தடுத்தல், குடும்பக் கட்டுப்பாடு ஆகியவையே அவை.

இவற்றுள் முதல் நெறி தமிழர்க்குப் புதிதன்று. ஏரிப்பாசனம் சிறந்திருந்த காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் மக்களே கூடி ஏரியைத் தூர்வாரி, கரையையும் மதகையும் செப்பனிட்டு வந்தனர். குடிமராமத்து என்று அதற்குப் பெயர்.

ஓடும் நீரை நிறுத்துதல்

பணி குன்றின் உச்சியிலிருந்து தொடங்கியது. வயலில் கிணறு வெட்டுவதை விட்டுக் குன்றில் ஏன் குழி வெட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை இவ்வூரின் பாறையில் உள்ளது.

தக்காணப் பீடபூமியின் இப்பகுதி எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறையால் ஆனது. மணற்பாங்கான நிலம் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இப்பாறை அவ்வாறு செய்யாது. மேற்பரப்பில் சிதைந்து பொடிந்த அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அச்சிறு இடமும் நிறைய வேண்டுமானால், குன்றின் மேல் விழும் மழை மெல்ல இறங்க வேண்டும். விரைந்து ஓடினால் அது மண்ணையும் வாரிக்கொண்டு ஊர் எல்லையைக் கடந்துவிடும்.

ஆகவே குன்றுகளின் சரிவில், ஒரே உயரத்தில் செல்லும் கோட்டை ஒட்டி, ஆயிரக்கணக்கான சிறு அகழிகள் வெட்டப்பட்டன. மழை பெய்யும்போது ஒவ்வோர் அகழியும் தனக்கு மேலுள்ள சரிவின் நீரைத் தாங்கிக்கொள்ளும். அகழியோரம் மரக்கன்றுகள் நடப்பட்டன. அதற்கும் கீழே ஓடைகளில் தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள், வயல்களில் கரைகள் என்று பணி படிப்படியாகக் கீழிறங்கியது. ஓடும் நீரை நடக்க வைக்க வேண்டும், நடக்கும் நீரை நிற்க வைக்க வேண்டும், நிற்கும் நீரை மண்ணுக்குள் இறங்க வைக்க வேண்டும் என்று இத்துறையில் உழைப்போர் சொல்வது வழக்கம்.

இவ்வளவு மண்வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மராட்டிய மாநிலத்தில் வேலை உறுதித் திட்டம் 1970களிலிருந்தே நடைமுறையில் இருந்தது. 2005 ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு அதுவே முன்னோடி. வேலை கேட்போர்க்கு அரசு கூலி வேலை தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. பல ஊர்களில் அத்திட்டத்தின்கீழ் எங்கோ ஒரு சாலைக்குக் கல் உடைக்கப்பட்டது. ஹிவரே பஜார் மக்கள் தம் குன்றிலேயே அகழி வெட்டிக் கூலி பெற்றனர். அவர்கள் பெற்ற கூலி அவ்வாண்டு உணவாயிற்று; வெட்டிய அகழி அடுத்த ஆண்டுகளுக்கு முதலாயிற்று. கூலிக்குப் புறம்பாக உடலுழைப்பையும் கொடையாகத் தந்தனர்.

மேய்ச்சல் தடையே மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்திருக்க வேண்டும். நிலமற்ற ஏழைக்கு ஆடுதான் சேமிப்பு; பொதுக்குன்றுதான் மேய்ச்சல் நிலம். அதைத் தடுத்தால் அவர் என்ன செய்வார்? குன்றில் புல் வளர்ந்த பின், சிறு கட்டணம் செலுத்தி யாரும் அறுத்துத் தலைச்சுமையாக எடுத்துச் செல்லலாம் என்று ஊர் முடிவு செய்தது. கால்நடை புல்லிடம் செல்வதற்கு மாறாகப் புல் கால்நடையிடம் வந்தது. கால் பதியாத குன்றில் புல் செழித்தது. ஆட்டிலிருந்து கறவை மாட்டுக்குப் பலர் மாறினர். 1990களின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 லிட்டர் பால் கறந்த ஊர், 2008 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 4,000 லிட்டர் கறந்தது. பால் வரவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பயிர் ஆண்டில் ஓரிரு முறையே பணம் தரும். பால் நாள்தோறும் தரும்.

கணக்கின் உட்பொருள்

நீர் பெருகியதும் ஊருக்குப் புதிய இடர் ஒன்று தோன்றியது. கிணற்றில் நீர் ஏறினால் உழவர் மனம் எதை நாடும்? மிகுந்த வருவாய் தரும் கரும்பையும் வாழையையும் நாடும். ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டினால் பக்கத்து வயலின் திறந்த கிணறு வற்றும். உடனே அவரும் அதைவிட ஆழமாகத் தோண்டுவார். கோயம்புத்தூர்ப் பகுதி உழவர்கள் இப்போட்டியை நன்கு அறிவர். அங்கே ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிச் சென்றும் வறண்டு நிற்பதுண்டு. மழையைத் தேக்கிய ஊர்கள் பல, தேக்கியதைப் பங்கிடத் தெரியாமல் மீண்டும் வறண்டன. ஹிவரே பஜார் பிற ஊர்களிலிருந்து வேறுபடுவது அகழி வெட்டியதால் அன்று. அதற்குப் பின் செய்ததால்தான்.

கிராம சபை மேலும் சில முடிவுகளை எடுத்தது. பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாது. திறந்த கிணறு மட்டும் போதும். கரும்பும் வாழையும் பயிரிடக் கூடாது. நிலத்தை வெளியார்க்கு விற்கக் கூடாது.

கரும்பை ஏன் விலக்கினர் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். எனவே 400 மில்லிமீட்டர் மழையில் ஒரு ஹெக்டேரில் விழும் நீர் 40 லட்சம் லிட்டர். கரும்பு விளைந்து முடிவதற்குக் குறைந்தது 1,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும்; அதாவது ஹெக்டேருக்கு ஒன்றரைக் கோடி லிட்டர். ஒருவர் தம் ஒரு ஹெக்டேரில் கரும்பு நட்டால், தம் நிலத்தில் விழுந்த மழையோடு, ஏறத்தாழ மூன்று ஹெக்டேரில் விழுந்த மழையையும் சேர்த்துக் குடிக்கச் செய்கிறார் என்பது பொருள். அம்மூன்று ஹெக்டேர் அவருடையதன்று. சோளத்திற்கு ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் போதும். கம்புக்கு அதனினும் குறைவு.

விழும் மழை முழுவதும் பயிருக்குக் கிடைப்பதுமில்லை. வெயிலில் ஆவியாவது ஒரு பங்கு. ஓடையில் வெளியேறுவது ஒரு பங்கு. மேற்கண்ட கணக்கு உண்மையில் இன்னும் கடுமையானது.

கரும்பு தீய பயிர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இதே மாவட்டத்தில், பிரவரா ஆற்றுக் கால்வாய் பாயும் லோணி என்னும் ஊரில், உழவர்கள் ஒன்று கூடி 1950 ஆம் ஆண்டளவில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிறுவினர். விட்டல்ராவ் விகே பாட்டீல் தலைமையில், பொருளியல் அறிஞர் தனஞ்செயராவ் காட்கில் துணையுடன் எழுந்த அந்த ஆலை நாட்டின் கூட்டுறவு இயக்கத்திற்கே வழிகாட்டியது. அங்கே கரும்பு ஏழை உழவரை உயர்த்தியது. கால்வாய் உள்ள ஊருக்குப் பொருந்தியது, மழை மட்டுமே உள்ள ஊருக்குப் பொருந்தவில்லை. ஓர் ஊரின் வளர்ச்சித் திட்டத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து நடுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

தண்ணீர்க் கணக்கு எழுதும் முறை இதுதான். ஊரில் மழைமானிகள் உள்ளன. தேர்ந்தெடுத்த சில கிணறுகளில் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. மாநில நிலத்தடி நீர் ஆய்வுத் துறையின் துணையுடன் இவ்வழக்கம் தொடங்கியது. பெய்த மழை எவ்வளவு, மண்ணிலும் பாறையிலும் தங்கியது எவ்வளவு என்பது கணக்கிடப்படும். அதிலிருந்து மக்களின் குடிநீர், கால்நடைகளின் குடிநீர், வீட்டுத் தேவை ஆகியவை முதலில் ஒதுக்கப்படும். எஞ்சியதில் 70 விழுக்காடு பாசனத்திற்கு. 30 விழுக்காடு நிலத்தடியிலேயே வருங்காலத்திற்குச் சேமிப்பு. பாசனப் பங்கு எவ்வளவு என்று தெரிந்த பின்னரே எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் விளைவிப்பது என்பது கிராம சபையில் முடிவாகும். மழை குறைந்த ஆண்டில் நீர் மிகுதியாகக் கேட்கும் பயிர்கள் கைவிடப்படும். பயிரிட்ட பின் நீரைத் தேடி அலைவதே பிற ஊர்களில் வழக்கம். இங்கே நீரை எண்ணிய பின் பயிரிடுகின்றனர். நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மழை பெய்ததா என்று கேட்டால் 'நல்ல மழை', 'சுமாரான மழை' என்ற விடையே கிடைக்கும். எண்ணைச் சொல்வோர் அரியர்.

திரும்பியவர்கள்

1995 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஊரிலிருந்த ஏறத்தாழ 180 குடும்பங்களுள் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டிற்குக் கீழே இருந்தன. மூன்றாண்டுகளில் அவ்வெண்ணிக்கை 53 ஆயிற்று. 2008 ஆம் ஆண்டளவில் மூன்று. 1992 முதல் 2002 வரையிலான பத்தாண்டுகளில் 40 குடும்பங்கள் நகரங்களிலிருந்து ஊர் திரும்பின. வெங்காயம், காய்கறி, பூ, பால் என்று வருவாய் பல வழிகளில் வந்தது. சாராய அடுப்புகள் அணைந்தன. 2007 ஆம் ஆண்டில் மக்கள் பங்கேற்புடன் நீரைக் காத்தமைக்காக ஊருக்குத் தேசிய அளவில் விருது கிடைத்தது. 2020 ஆம் ஆண்டில் போபட்ராவ் பவாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நாற்பது குடும்பங்கள் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இருநூறு வீடுகள்கூட இல்லாத ஊரில் அது சிறிய எண்ணன்று. நகரத்தில் ஓரளவு பழகிவிட்ட குடும்பம் ஊர் திரும்புவது எளிதுமன்று. பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும். விட்டுச் சென்ற வீடு சிதைந்திருக்கும். நிலத்தில் முள் மண்டியிருக்கும். கூலியைவிட நிலத்தில் கிடைப்பது மிகுதி என்ற உறுதி பிறந்தாலன்றி யாரும் மூட்டை கட்டமாட்டார். நிலமுள்ளோர்க்கு அவ்வுறுதியை நீர் தந்தது. நிலமற்றோர்க்குக் கறவை மாடும், பெருகிய வயல்வேலையும் தந்தன. இரு பிரிவினர்க்கும் கிடைத்த பயன் சமமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. கிணற்று நீர் யார் நிலத்தில் ஊறுகிறதோ அவர்க்கே முதற்பயன் சேரும். பல ஊர்களின் நீர்ப்பிடிப்புத் திட்டங்களில் தீராத குறை இது.

ஹிவரே பஜாரைப் பார்த்துச் செல்ல நாடெங்கிலுமிருந்து ஊராட்சித் தலைவர்களும் அலுவலர்களும் வருகின்றனர். தடுப்பணையை ஒளிப்படம் எடுத்துக்கொள்கின்றனர். தடுப்பணையைக் கட்டுவது எளிது. ஒப்பந்ததாரர் மூன்று மாதங்களில் கட்டிவிடுவார். கரும்பு நட வசதியுள்ள ஒருவரைப் பொதுக்கூட்டத்தில் இணங்க வைப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்த மக்கள், நெடுங்காலம் நீடித்த தலைமை ஆகியவை இங்கே துணை நின்றன. இவை மூன்றும் எல்லா ஊர்களிலும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

கிராம சபையின் கைக்கு எட்டாதவையும் உள்ளன. மழையை எண்ணலாம், பயிரைத் திட்டமிடலாம். அறுவடையான வெங்காயத்தின் விலையைத் தீர்மானிப்பது ஊரன்று. அது நாசிக் மாவட்டத்து லாசல்காவ் போன்ற பெருஞ்சந்தைகளிலும், ஏற்றுமதிக்குத் தடை விதிப்பதா நீக்குவதா என்று தில்லியில் எடுக்கப்படும் முடிவுகளிலும் உள்ளது. விலை சரிந்த ஆண்டில், தண்ணீர்க் கணக்கைப் பிழையின்றி எழுதிய உழவரும் நட்டமடைவார். அத்தகைய ஆண்டில் வீட்டைத் தாங்குவது மாட்டுத் தொழுவம்தான். குன்றிலிருந்து அறுத்து வரும் புல்லில் வளரும் மாடு, வெங்காயச் சந்தையின் நிலவரத்தைப் பார்த்துப் பால் தருவதில்லை.